பேக்கப் டிஸ்க்கில் இடம் எங்கே போகிறது?

பேக்கப்புக்கு டிஸ்க் போடும்போது பெரும்பாலும் நடக்கும் கணக்கு இதுதான்: சர்வரில் 600 ஜிபி இருக்கிறது, 2 டிபி போட்டால் மூன்று மடங்கு, தாராளம். சில மாதம் கழித்து ஒரு விடியற்காலையில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானிடமிருந்து "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று மெயில் வந்திருக்கும். போய்ப் பார்த்தால் சர்வரில் டேட்டா 640 ஜிபியைத் தாண்டியிருக்காது. டேட்டாவின் அளவை வைத்து டிஸ்க் வாங்கியாயிற்று; அந்த டேட்டா ஒரு நாளில் எவ்வளவு மாறுகிறது, அந்த மாற்றத்துக்கு நாம் பிடித்திருக்கும் பேக்கப் முறை எவ்வளவு இடம் கேட்கும் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு வரி மாறினாலும் 20 ஜிபி ஃபைல் முழுசாக மறுபடி ஏறும் முறைகள் உண்டு. 1 ஜிபி மாறினால் 1 ஜிபி மட்டுமே கேட்கும் முறைகளும் உண்டு. எது எங்கே எவ்வளவு தின்னும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கட்டளைகள் எல்லாம் லினக்ஸை வைத்துச் சொன்னவை; ஆப்ஷனில் "பெரிய" என்று வந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்து என்று பொருள்.

ஃபுல் எடுப்பவர்களுக்கு ஒரு ஃபுல் அளவு கூடுதலாக

எளிய கேஸ் முதலில். ஞாயிற்றுக்கிழமை ஃபுல் (எல்லா டேட்டாவும்), மற்ற ஆறு நாளும் இன்க்ரிமெண்டல் (முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியது மட்டும்), இரண்டு வாரம் கையில் இருக்க வேண்டும். 600 ஜிபி கம்ப்ரஸ் ஆகி 400 ஜிபி, தினசரி மாற்றம் 10 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஃபுல் 800, பன்னிரண்டு இன்க்ரிமெண்டல் 120, ஆக 920 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் அடங்கிவிடும் போலிருக்கிறது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இடிக்கும். புதிய ஃபுல்லை எழுதி முடித்து, சரிபார்த்த பிறகுதான் பழைய சுற்றை அழிக்கலாம். அதுவரை மூன்று ஃபுல்லும் டிஸ்க்கில் இருந்தாக வேண்டும்: 1,320 ஜிபி. முதலில் அழித்துவிட்டுப் பிறகு எழுதினால் இடம் மிச்சம்தான். ஆனால் ஒரே ஒரு சுற்று மட்டும் வைத்திருப்பவர் அப்படிச் செய்தால், புது ஃபுல் பாதியில் நின்ற நாளில் அவரிடம் பேக்கப் என்று எதுவும் இருக்காது.

இங்கேயே இன்னொரு சின்னக் கழிவு. பெட்டியில் 1 டிபி என்று போட்டிருப்பது பத்தின் அடுக்குக் கணக்கு. டிஸ்க்கில் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் -எச் இரண்டின் அடுக்கில் கணக்கிடுவதால் 931 என்றுதான் ஆரம்பிக்கும். எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் அதில் 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று (நிர்வாகிக் கணக்குக்கு) ஒதுக்கி வைக்கும். 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி. டேட்டா மட்டும் வைக்கும் டிஸ்க்குக்கு இவ்வளவு ஒதுக்கீடு தேவையில்லை, டியூன்2எஃப்எஸ் -எம் 1 கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம். அந்த ஒதுக்கீடு ஆபத்துக்குக் கைகொடுக்கும் என்றும் நம்ப வேண்டாம். பேக்கப் ரூட்டாக ஓடுகிறது, ரூட்டுக்கு அந்த இடமும் திறந்தே இருக்கிறது, கடைசி பிளாக் வரை எழுதித் தீர்த்துவிடும்.

பல ஃபைல்களை ஒரே ஃபைலாகக் கட்டும் டார் வைத்து இன்க்ரிமெண்டல் எடுப்பவர்கள் --லிஸ்டட்-இன்க்ரிமெண்டல் ஃபைலைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த ஃபைல் எப்போது ஏறியது என்பதை டார் அதில்தான் குறித்து வைக்கிறது. அது தொலைந்தால் டார் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எல்லாவற்றையும் புதிதாக எடுக்கும். 10 ஜிபி எதிர்பார்த்த செவ்வாய்க்கிழமை 400 ஜிபி வந்து இறங்கும். அந்த ஃபைல் பத்திரமாக இருந்தும் இதே நடக்கலாம். சர்வரை ரீபூட் செய்தபின் டிவைஸ் எண் மாறியிருந்தால், இது வேறு ஃபைல்சிஸ்டம் என்று டார் எடுத்துக்கொள்ளும். என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல்சிஸ்டம்), எல்விஎம் (டிஸ்க்கைத் தேவைப்படி பிரித்துத் தரும் ஏற்பாடு) வால்யூம்களில் இது சகஜம். --நோ-செக்-டிவைஸ் சேர்த்தால் தீர்ந்தது.

ஒவ்வொரு நாளும் ஃபுல்லோடு ஒப்பிட்டு எடுத்தால், அதாவது டம்ப் என்ற பேக்கப் கட்டளையில் தினமும் லெவல் 1 போட்டால், மாற்றம் சேர்ந்துகொண்டே போகும்: 10, 20, 30 என்று ஆறு நாளில் 210 ஜிபி வரை. ஒன்றின்மேல் ஒன்றாக எடுத்தால் 60 தான். ஆனால் ரீஸ்டோர் செய்யும்போது முன்னதுக்கு இரண்டே ஃபைல் போதும், பின்னதுக்கு ஏழும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். இடம் இருந்தால் நான் முன்னதையே சொல்வேன்.

ஹார்ட்லிங்க் ஸ்னாப்ஷாட்

ஃபைல்களைக் காப்பி செய்யும் ஆர்சிங்க்கின் --லிங்க்-டெஸ்ட் ஆப்ஷன் இன்றைக்கும் நிறைய இடங்களில் ஓடுகிறது. நேற்றைய டைரக்டரியோடு ஒப்பிட்டு, மாறாத ஃபைலுக்கு ஹார்ட்லிங்க் மட்டும் போடும், மாறியதை மட்டும் எழுதும். ஒவ்வொரு நாளின் டைரக்டரியும் முழு ஃபுல் போலவே தெரியும். எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், மற்றது கெடாது. அருமையான ஏற்பாடு. ஆனால் "மாறாத ஃபைல்" என்று அது எதைச் சொல்கிறது என்பதில்தான் இடம் ஒழுகுகிறது.

ஹார்ட்லிங்க் என்றால் இரண்டு பெயருக்கும் ஒரே ஐநோட், அதாவது ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் ஒரே பதிவு. ஓனர், பெர்மிஷன், நேரம் எல்லாம் ஐநோட்டில்தான் இருக்கின்றன. ஆகவே உள்ளடக்கம் ஒரு பைட் கூட மாறாமல் ஓனர் மட்டும் மாறினாலும் பழையதோடு லிங்க் போட முடியாது. முழு ஃபைலையும் புதிதாக எழுதியாக வேண்டும். யாராவது /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ மேல் ஓனரை மாற்றும் சௌன் -பெரிய ஆர் ஒன்றைப் போட்டால் போதும், அன்று இரவு அந்த மரம் மொத்தமும் இன்னொரு பிரதியாக ஏறும். மறுநாள் பேக்கப் அளவு திடீரென்று எகிறியிருந்தால், புது டேட்டா வந்ததா என்று பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

அடுத்தது பழைய லாக்குகளைச் சுழற்றி வைக்கும் லாக்ரொடேட். அக்சஸ்.லாக்.2.ஜிஇசட் நாளைக்கு அக்சஸ்.லாக்.3.ஜிஇசட் ஆகிறது, 3 என்பது 4 ஆகிறது. உள்ளே இருப்பது அதேதான், பெயர் மட்டும் நகர்ந்துவிட்டது. ஆர்சிங்க் பெயரை வைத்துத்தான் தேடும், அதனால் அத்தனை பழைய லாக்கும் தினமும் புதிய ஃபைலாக ஏறும். 30 லாக் வைத்திருந்தால் ஒவ்வொன்றும் முப்பது இரவில் முப்பது தடவை. லாக்ரொடேட் கான்ஃபிகில் டேட்எக்ஸ்ட் என்ற ஒரு வரி சேர்த்தால் எண்ணுக்குப் பதில் தேதி பெயரில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பெயர் மாறாது. இந்த ஒரு வரி மிச்சம் பிடிக்கும் இடத்தைப் பார்த்தால் டிஸ்க் வாங்குவதையே தள்ளிப்போடலாம்.

கடைசியில் வரி சேர்ந்துகொண்டே போகும் பெரிய லாக், மெயில் எம்பாக்ஸ், வர்ச்சுவல் மெஷின் இமேஜ் இவையெல்லாம் இந்த முறைக்கு ஒத்துவராதவை. 20 ஜிபி ஃபைலில் ஒரு வரி கூடினாலும் தினமும் 20 ஜிபிதான். டேட்டாபேஸ் டம்ப்பும் (டேட்டாபேஸை ஒரு ஃபைலாக எழுதி எடுத்த பிரதி) இதில் சேரும். மைஎஸ்க்யூஎல் டம்ப்பின் கடைசி வரியில் முடிந்த நேரம் பதிவாகும். டேட்டா அப்படியே இருந்தாலும் ஃபைல் தினமும் வேறு. --ஸ்கிப்-டம்ப்-டேட் கொடுத்தால் அந்த வரியில் நேரம் வராது. ஆனால் டம்ப் எடுத்த நேரம் ஃபைலின் எம்டைமிலும் (கடைசியாக மாறிய நேரம்) இருக்கிறதே; எனவே புது டம்ப்பைப் பழையதோடு சிஎம்பி வைத்து ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் பழையதைத் தொடாமல் விடுவதுதான் முழுத் தீர்வு.

--லிங்க்-டெஸ்ட்டுக்குக் கொடுக்கும் பாதை ரிலேட்டிவாக இருந்தால், ஆர்சிங்க் அதை நாம் நிற்கும் டைரக்டரியிலிருந்து பார்க்காது, டெஸ்டினேஷன் டைரக்டரியிலிருந்து பார்க்கும். தவறாகக் கொடுத்தால் அப்படி ஒன்று இல்லை என்று ஒரு வரி எச்சரிக்கை வரும், வேலை நிற்காது, முழு 600 ஜிபியும் ஏறும். முழுப் பாதையாகவே கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபைல்கள் பிடித்த இடத்தைக் கூட்டிக் காட்டும் டியூ ஒரே ஓட்டத்தில் ஒரு ஐநோட்டை ஒரு தடவைதான் எண்ணும். ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் தனித்தனியாக டியூ ஓட்டினால் எல்லாமே 600 ஜிபி என்று வரும். மூன்றையும் ஒரே கட்டளையில் வரிசையாகக் கொடுங்கள்:

டியூ -எஸ்எச் 2024-05-01 2024-05-02 2024-05-03

முதலாவது 600 ஜிபி, அடுத்தது 9 ஜிபி, அதற்கடுத்தது 31 ஜிபி என்று வந்தால், மே 3 அன்று மட்டும் ஏறிய புதுச்சரக்கு 31 ஜிபி. அதற்குள் என்ன இருக்கிறது என்று தேட, அந்த டைரக்டரியில் ஃபைண்ட் வைத்து -லிங்க்ஸ் 1 -சைஸ் +100எம் என்று கேட்டால், வேறு எந்த ஸ்னாப்ஷாட்டோடும் பகிரப்படாத பெரிய ஃபைல்கள் வந்து விழும். மாறுதலுக்குக் காரணம் யார் என்பது பெரும்பாலும் முதல் பத்து வரிக்குள் தெரிந்துவிடும். அடுத்த நாள் ஸ்னாப்ஷாட் எடுப்பதற்குள் இதைப் பார்க்க வேண்டும்; அப்புறம் அவற்றுக்கும் லிங்க் எண்ணிக்கை இரண்டாகிவிடும்.

இடம் இருக்கிறது, ஐநோட் இல்லை

டிஎஃப் -எச் 40 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது என்கிறது, எழுதப் போனால் இடமில்லை என்கிறது. டிஎஃப் -ஐ போட்டுப் பாருங்கள், அது ஐநோட் கணக்கைக் காட்டும். ஃபைலுக்கு ஹார்ட்லிங்க் போடலாம், டைரக்டரிக்குப் போட முடியாது. ஆகவே ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டிலும் எல்லா டைரக்டரியும் புதிதாக உருவாகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐநோட், குறைந்தது ஒரு 4 கேபி பிளாக். 2 லட்சம் டைரக்டரி உள்ள சர்வரில் 30 ஸ்னாப்ஷாட் என்றால் 60 லட்சம் ஐநோட்டும் சுமார் 24 ஜிபியும் டைரக்டரிக்கே போய்விடும், ஒரு ஃபைல்கூட மாறாவிட்டாலும்.

எக்ஸ்ட்4 வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐநோட் என்று ஃபார்மேட் செய்யும்போதே முடிவு செய்துவிடும். 2 டிபிக்குச் சுமார் 12 கோடி. அது போதும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், "பேக்கப் டிஸ்க்தானே, பெரிய ஃபைல்கள்தான் வரும்" என்று -பெரிய டி லார்ஜ்ஃபைல் கொடுத்து ஃபார்மேட் செய்யும்போது. அப்போது 1 எம்பிக்கு ஒரு ஐநோட், மொத்தமே 19 லட்சம். டார் ஃபைல்களை அடுக்க அது சரி. அதே டிஸ்க்கில் 15 லட்சம் ஃபைலும் 2 லட்சம் டைரக்டரியும் உள்ள சர்வரை ஸ்னாப்ஷாட் எடுத்தால் முதல் நாள் 17 லட்சம், மறுநாள் 19. மூன்றாம் நாளைத் தாண்டாது. ஃபார்மேட் செய்தபின் இந்த விகிதத்தை மாற்ற வழியில்லை, டிஸ்க்கைக் காலி செய்து மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டியதுதான். ஹார்ட்லிங்க் முறைக்கு எக்ஸ்எஃப்எஸ் பொருத்தம்; ஐநோட்டை அது தேவைப்படும்போது உருவாக்கிக்கொள்கிறது. ஆனால் எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. இருக்கும் டிஸ்க் முழுவதையும் முதல் நாளே அதற்குக் கொடுத்துவிட வேண்டாம். எல்விஎம்மில் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் போட்டால் ஃபைல்சிஸ்டமும் சேர்ந்து வளரும்.

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ்

இவை இரண்டும் ஸ்னாப்ஷாட் எடுக்கும் வசதியைத் தாமே கொண்ட ஃபைல்சிஸ்டம்கள். டெஸ்டினேஷனில் இசட்எஃப்எஸ் இருந்தால் ஹார்ட்லிங்க் வேலையே வேண்டாம்; ஆர்சிங்க் முடிந்ததும் ஸ்னாப்ஷாட் எடுத்தால் மாறிய பிளாக் மட்டும் இடம் பிடிக்கும். ஆனால் ஆர்சிங்க்கை அப்படியே ஓட்டினால் இந்த லாபம் கிடைக்காது. ஆர்சிங்க் மாறிய ஃபைலைத் தற்காலிகப் பெயரில் முழுசாகப் புதிதாக எழுதி, பிறகு பெயர் மாற்றும். 100 ஜிபி இமேஜில் 1 ஜிபி மாறியிருந்தாலும் 100 ஜிபி புது பிளாக். பழைய 100 ஜிபியை ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும். --இன்பிளேஸ், --நோ-ஹோல்-ஃபைல் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். இரண்டாவது எதற்கென்றால், ஒரே மெஷினுக்குள் காப்பி செய்யும்போது ஆர்சிங்க் தானாகவே முழு ஃபைல் முறைக்குப் போய்விடும். எச்சரிக்கை: சிபி -ஏஎல் போட்டு ஹார்ட்லிங்க் பிரதி எடுத்து, அதன்மேல் ஆர்சிங்க் ஓட்டும் பழைய ஸ்கிரிப்ட்டில் --இன்பிளேஸைச் சேர்த்தால், ஒரே ஐநோட்டைப் பகிரும் பழைய ஸ்னாப்ஷாட்கள் அத்தனையும் சேர்ந்து மாறிவிடும்.

இசட்எஃப்எஸ்ஸில் ஸ்னாப்ஷாட் பட்டியலில் "யூஸ்டு" என்று தெரியும் எண் பலரைக் குழப்பும். அது அந்த ஒரு ஸ்னாப்ஷாட் மட்டும் தனியாகப் பிடித்திருக்கும் இடம். இரண்டு ஸ்னாப்ஷாட் பகிரும் 300 ஜிபி எதன் கணக்கிலும் வராது. ஒவ்வொன்றும் 200 எம்பி என்று காட்டும் பத்தை அழித்தால் 300 ஜிபி விடுபடலாம். அழிக்கும் முன் இசட்எஃப்எஸ் டெஸ்ட்ராய் கட்டளைக்கு -என்வி கொடுத்து, முதல் ஸ்னாப்ஷாட்டுக்கும் கடைசி ஸ்னாப்ஷாட்டுக்கும் நடுவில் சதவீதக் குறி போட்டுக் கேட்டால், எதையும் அழிக்காமல் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று சொல்லிவிடும்.

இசட்எஃப்எஸ் பூல் (டிஸ்க்குகளின் மொத்தத் தொகுப்பு) 80 சதவீதம் தாண்டினால் எழுதும் வேகம் குறைய ஆரம்பிக்கும், அதற்கு மேல் போகவிடாமல் வைப்பது நல்லது. முழுக்க நிரம்பினால் அழிக்கவே இடம் வேண்டும் என்ற விநோத நிலை வரும், ஏனென்றால் அழிப்பதும் அங்கே ஒரு புதிய எழுத்துதான். காலியான ஒரு டேட்டாசெட்டை உருவாக்கி அதற்கு 20 ஜிபி ரெஃப்ரிசர்வேஷன் (முன்கூட்டிய ஒதுக்கீடு) கொடுத்து வைத்தால், ஆபத்து நேரத்தில் அதை எடுத்துவிட்டு மூச்சு விடலாம். பிடிஆர்எஃப்எஸ்ஸில் டிஎஃப்பை நம்பாமல் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ் பாருங்கள். அன்அலொகேட்டட் (எதற்கும் ஒதுக்காத இடம்) பூஜ்யத்துக்கு வந்தால், டேட்டா பகுதியில் இடமிருந்தும் மெட்டாடேட்டா வளர வழியில்லாமல் நின்றுவிடும்; பேலன்ஸ் -டியூசேஜ்=10 என்று சின்ன எண்ணில் ஆரம்பித்தால் பாதி காலியான பகுதிகள் ஒன்று சேர்ந்து இடம் விடுபடும்.

எல்விஎம் ஸ்னாப்ஷாட்

ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல்சிஸ்டத்தை ஒரே கணத்தில் உறைய வைத்து எடுக்க எல்விஎம் ஸ்னாப்ஷாட் போடுகிறோம். பழைய வகை ஸ்னாப்ஷாட்டுக்குக் கொடுக்கும் அளவு, பேக்கப் ஓடும் நேரத்தில் மூல வால்யூமில் எவ்வளவு எழுதப்படும் என்பதைப் பொறுத்தது. மணிக்கு 15 ஜிபி எழுதும் சர்வரில் மூன்று மணி நேர பேக்கப் என்றால் 45, கையிருப்பாக 60 ஜிபி. 100 சதவீதம் நிரம்பினால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும், நடுவில் இருக்கும் பேக்கப்பும் போச்சு. எல்விஎஸ் காட்டும் டேட்டா சதவீதத்தைக் கவனியுங்கள். எல்விஎம் கான்ஃபிகில் ஸ்னாப்ஷாட் ஆட்டோஎக்ஸ்டெண்ட் திரெஷோல்ட் 100 என்று இருக்கும், 100 என்றால் தானாக வளராது என்று பொருள். 70 ஆக்கி, வால்யூம் குரூப்பில் காலியிடமும் வைத்தால்தான் அது வேலை செய்யும். பேக்கப் முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டை நீக்க மறக்கக்கூடாது.

போர்க், ரெஸ்டிக்

இவை ஃபைல்களைத் துண்டுகளாக்கி, ஒரே மாதிரித் துண்டை ஒரு தடவை மட்டும் வைக்கும் பேக்கப் கருவிகள். பழையதை நீக்கியும் இடம் திரும்பவில்லை என்ற புகார் இங்கே அதிகம். போர்க் 1.2 முதல் ப்ரூன் செய்தால் கணக்கிலிருந்து மட்டும்தான் போகும். போர்க் காம்பாக்ட் ஓட்டினால்தான் டிஸ்க்கில் இடம் விடும். ரெஸ்டிக்கில் ஃபர்கெட்டோடு --ப்ரூன் சேர வேண்டும், அப்போதும் 5 சதவீதம் வரை பயன்படாத டேட்டாவை அது விட்டு வைக்கும். இரண்டுக்கும் சுத்தம் செய்யவே கொஞ்சம் காலியிடம் வேண்டும். போர்க் ரெப்போவில் அடிஷனல் ஃப்ரீ ஸ்பேஸ் என்ற அமைப்பை 2 ஜிபிக்கு வைத்துவிடுங்கள். டம்ப் ஃபைலை ஜிஜிப் செய்து இவற்றிடம் கொடுக்காதீர்கள். கம்ப்ரஸ் ஆனதில் ஒரே மாதிரித் துண்டு என்று எதுவும் கிடைக்காது. அப்படியே கொடுத்தால் அவையே பிரித்துச் சுருக்கிக்கொள்ளும்.

எதை எடுக்காமல் விடுவது

-எக்ஸ் கொடுத்தால் ஆர்சிங்க் வேறு ஃபைல்சிஸ்டத்துக்குள் போகாது. /ப்ராக், /சிஸ், மவுண்ட் ஆன பேக்கப் டிஸ்க் எல்லாம் தானாக விடுபடும். ஆனால் /ஹோம் தனி பார்ட்டிஷனில் இருந்தால் அதுவும் விடுபடும், தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்வாப் ஃபைல், /வார்/டெம்ப், /வார்/கேஷ், பயனர்களின் .கேஷ், டாக்கரின் ஓவர்லே2, நோட்_மாட்யூல்ஸ், டேட்டாபேஸின் நேரடி டேட்டா டைரக்டரி ஆகியவற்றை விலக்குங்கள். கடைசியில் சொன்னதற்கு டம்ப் இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போது காப்பி எடுத்த டேட்டாபேஸ் ஃபைல் ரீஸ்டோருக்கும் உதவாது.

ஸ்பார்ஸ் ஃபைல் தனிக்கதை. 100 ஜிபி இமேஜுக்கு எல்எஸ் 100 ஜிபி என்கும், டியூ 12 ஜிபி என்கும். இடையில் இருப்பது எழுதப்படாத ஓட்டை. ஆர்சிங்க்குக்கும் டாருக்கும் -பெரிய எஸ் கொடுக்காவிட்டால் ஓட்டையெல்லாம் பூஜ்யமாக எழுதப்பட்டு அங்கே 100 ஜிபியே ஆகும். மூலத்தில் டியூவையும் டியூ --அப்பாரண்ட்-சைஸையும் ஒப்பிட்டால் இப்படிப்பட்டவை உண்டா என்று தெரிந்துவிடும். மூலத்திலேயே ஹார்ட்லிங்க் நிறைய இருந்தால் ஆர்சிங்க்குக்கு -பெரிய எச் வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு பெயரும் ஒரு தனிப் பிரதியாகும்.

மவுண்ட் ஆகாத டிஸ்க்

ரீபூட்டுக்குப் பிறகு பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. /பேக்கப் என்ற வெறும் டைரக்டரி இருக்கிறது, ஸ்கிரிப்ட் ஓடுகிறது, நேற்றைய ஸ்னாப்ஷாட் இல்லாததால் முழு பேக்கப்பும் ரூட் பார்ட்டிஷனில் கொட்டுகிறது. சிறிது நேரத்தில் சர்வரே நிற்கும். பதறிப்போய் டிஸ்க்கை மவுண்ட் செய்தால் நிலைமை இன்னும் குழப்பம்: கொட்டியது எல்லாம் மவுண்ட்டுக்கு அடியில் மறைந்துவிடும். டிஎஃப் ரூட் நிரம்பியிருக்கிறது என்கும், டியூவுக்கு எதுவும் கண்ணில் படாது. மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி என்று ரூட்டை இன்னொரு இடத்தில் திறந்து /எம்என்டி/பேக்கப் உள்ளே பார்த்தால் அந்தச் சரக்கு தெரியும்.

வராமல் தடுக்க இரண்டு வேலை. ஸ்கிரிப்ட்டின் தலையில் மவுண்ட்பாயிண்ட் -க்யூ /பேக்கப் || எக்ஸிட் 1. அதோடு, டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் காலி டைரக்டரிக்கு சாட்டர் +ஐ போட்டுவிட்டால் ரூட்டால்கூட அதற்குள் எழுத முடியாது; மேலே டிஸ்க் மவுண்ட் ஆனால் வழக்கம்போல எழுதலாம்.

பழையதை அழிக்கும் வரி

ஃபைண்ட் /பேக்கப் -மேக்ஸ்டெப்த் 1 -எம்டைம் +30 என்று தேடி அழிக்கும் வரி எத்தனையோ ஸ்கிரிப்ட்டுகளில் இருக்கிறது. இதில் இரண்டு கண்ணி. ஆர்சிங்க் -ஏ, மூல டைரக்டரியின் எம்டைமை அப்படியே டெஸ்டினேஷனுக்கும் போட்டுவிடும். மூலத்தின் தலை டைரக்டரி இரண்டு மாதமாக மாறவில்லை என்றால், நேற்று எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கும் இரண்டு மாத வயது காட்டும். ஃபைண்ட் அதை எடுத்து அழித்துவிடும். இரண்டாவது: பேக்கப் ஏதோ காரணத்தால் நின்றுபோய் யாரும் கவனிக்கவில்லை, அழிக்கும் வரி மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பத்தோராம் நாள் டிஸ்க் சுத்தமாகக் காலி.

வயதை வைத்து அழிக்காதீர்கள், எண்ணிக்கையை வைத்து அழியுங்கள். பெயரில் 2024-05-03 என்று வருடம் முன்னால் வரும்படி தேதி இருந்தால் அகர வரிசையே கால வரிசை. பட்டியலை சார்ட் செய்து ஜிஎன்யூ ஹெட்டுக்கு -என் -30 கொடுத்தால் கடைசி முப்பதை விட்டு மீதி வரும், அதை மட்டும் அழிக்கலாம். பேக்கப் நின்றுபோனால் அழிப்பதும் தானாக நிற்கும்.

ஓட ஆரம்பிக்கும்போது டைரக்டரிக்கு .பார்ஷியல் என்று வால் வைத்து, முடிந்த பிறகே உண்மைப் பெயருக்கு எம்வி செய்யுங்கள். ஆர்சிங்க் 0 அல்லது 24 என்ற எக்ஸிட் எண்ணோடு முடிந்தால் ஏற்கலாம், 24 என்பது ஓடும்போது சில ஃபைல்கள் காணாமல் போயின என்பது மட்டுமே. 23 என்றால் சில ஏறவில்லை, லாக்கைப் பாருங்கள். டிஸ்க் நிரம்பி எழுத முடியாமல் நின்றால் 11. டாரை ஜிஜிப்புக்குப் பைப் செய்பவர்கள் பாஷில் செட் -ஓ பைப்ஃபெயில் போடாவிட்டால் டார் தோற்றதே தெரியாது, கடைசிக் கட்டளையின் முடிவு மட்டும்தான் வரும்.

ஓடும் முன் ஒரு கேள்வி

ஆர்சிங்க்கை அதே ஆப்ஷன்களோடு --ட்ரை-ரன் --ஸ்டாட்ஸ் சேர்த்து ஓட்டினால், இன்றைக்கு எவ்வளவு ஏறும் என்பது "டோட்டல் டிரான்ஸ்ஃபர்ட் ஃபைல் சைஸ்" வரியில் வரும். டிஎஃப் --அவுட்புட்=அவெய்ல் -பெரிய பி1 தரும் பைட் கணக்கோடு ஒப்பிட்டு, ஒன்றரை மடங்கு இல்லையென்றால் ஆரம்பிக்காமலே மெயில் அனுப்பட்டும். பாதியில் நிற்பதைவிட ஆரம்பிக்காமல் இருப்பது மேல்.

80 சதவீதத்தில் அலாரம் என்பது எனக்கு அவ்வளவு உபயோகமாகத் தெரியவில்லை. 4 டிபியில் 900 ஜிபி மிச்சம் இருந்து தினம் 12 ஜிபி கூடினால் 75 நாள் இருக்கிறது; தினம் 90 கூடினால் பத்து நாள். சதவீதம் இரண்டுக்கும் ஒன்றுதான். தினமும் டிஎஃப் எண்ணை ஒரு ஃபைலில் தேதியோடு சேர்த்துவிட்டு, கடைசி இரண்டு வாரத்தின் சராசரி தினசரி வளர்ச்சியால் மிச்சத்தை வகுத்து, 21 நாளுக்குக் கீழே போனால் மெயில் என்று வையுங்கள். பல சர்வர்கள் ஒரே டிஸ்க்கைப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் வரம்பு வேண்டும்: எக்ஸ்எஃப்எஸ்ஸில் ப்ராஜெக்ட் கோட்டா, இசட்எஃப்எஸ்ஸில் டேட்டாசெட் கோட்டா. இல்லாவிட்டால் ஒரு சர்வரில் நடந்த சௌனுக்கு மற்ற எல்லாவற்றின் பேக்கப்பும் நிற்கும்.

நிரம்பியே விட்டால்

முதலில் கிரானை நிறுத்துங்கள். நீங்கள் காலி செய்வதை அடுத்த ஓட்டம் நிரப்பிக்கொண்டிருக்கும். பிறகு டிஎஃப், டிஎஃப் -ஐ இரண்டும். இரண்டிலும் காரணம் தெளிவாகவில்லை, டியூ கூட்டுத்தொகை டிஎஃப்பைவிடக் குறைவாக இருக்கிறது என்றால், எல்எஸ்ஓஎஃப் +எல்1 ஓட்டினால் அழிக்கப்பட்டும் ஏதோ ஒரு ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் ஃபைல்கள் வரும். அந்த ப்ராசஸை நிறுத்தினால்தான் இடம் திரும்பும்.

அடுத்து .பார்ஷியல் வால் உள்ள டைரக்டரிகள், பாதியில் நின்ற டார் ஃபைல்கள். ஜிஜிப் -டி பழுதானதைக் காட்டிக்கொடுக்கும். இவற்றை யோசிக்காமல் அழிக்கலாம். அதற்குப் பிறகே பழைய ஸ்னாப்ஷாட், அதிலும் மிகப் பழையதிலிருந்து. ஹார்ட்லிங்க் ஸ்னாப்ஷாட் ஒன்றை அழித்தால் அதற்கு மட்டும் சொந்தமானதுதான் விடுபடும், எனவே நான்கைந்து போயும் எண் அதிகம் அசையாமல் இருந்தால் பதறாதீர்கள். மேலே சொன்ன வரிசை டியூவை ஓட்டி, எந்தத் தேதியில் வீக்கம் என்று பார்த்து அந்தத் தேதியைக் குறிவையுங்கள். லட்சக்கணக்கான லிங்க்குகளை நீக்க ஆர்எம் மணிக்கணக்கில் எடுக்கும், அயோநைஸ் -சி3 வைத்து ஓட்டினால் மற்ற வேலைகளைத் தொந்தரவு செய்யாது. அது எவ்வளவு செல்லும் என்பது டிஸ்க் ஷெட்யூலரைப் பொறுத்தது; பிஎஃப்க்யூ என்ற ஷெட்யூலரில் செல்லும்.

--டிலீட் போட்டு மிரர் (மூலத்தின் இன்றைய நிலையின் ஒரே நகல்) மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஆர்சிங்க் 3 முதல் அழிப்பதும் எழுதுவதும் சேர்ந்தே நடக்கும், அதனால் பெரிய டைரக்டரி ஒன்று இடம் மாறியிருந்தால் பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்திருக்கும், அதிலேயே டிஸ்க் நிரம்பிவிடும். --டிலீட்-பிஃபோர் கொடுத்தால் முதலில் பழையதை அழித்து இடம் செய்துகொண்டு பிறகு எழுதும். மூலத்தில் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் காலியாக இருந்த நாளில் இதே ஆப்ஷன் மிரர் முழுவதையும் துடைத்துவிடும் என்பதால் --மேக்ஸ்-டிலீட் என்று ஒரு உச்ச வரம்பும் சேர்த்தே போடுங்கள்.